அசல் சத்தம்

கடவுள் மனிதனுக்கு இரண்டு காதுகளைக் கொடுத்தது ஒரு தொடக்கத்துக்காக மட்டுமே. மீதித் திசைகளின் ஒலியை அவன் தன் தவத்தால் அடைய வேண்டும் என்பதுதான் படைப்பின் உள்நோக்கம். ஒலி ஆறு முகமாகப் பூரணமாகும் இடத்தில்தான் ஆன்மாவும் பூரணமாகிறது.

இந்த உண்மை தரணீதரனுக்குப் புலப்பட்டது மலையுச்சியில் அல்ல. மங்கலம் ரோட்டில், தன் பனியன் கம்பெனியை ஒட்டிக் கட்டியிருந்த வீட்டின் மாடி அறையில். எதிரொலி வரக்கூடாது என்பதற்காக அந்த அறையின் நான்கு சுவர்களிலும் கனத்த ஃப்ளீஸ் துணியை ஒட்டியிருந்தார். அந்தத் துணி, கம்பெனியில் கழித்துப் போட்டது. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ராத்திரி உடுப்பு தைக்க வந்து, சாயம் திட்டுத்திட்டாக விழுந்ததால் வேண்டாமென்று திரும்பிய லாட். இளஞ்சிவப்பில் மஞ்சள் வாத்துக்குஞ்சுகள். ஆகவே ஒலியின் பூரணத்தை நாடி அந்த அறைக்குள் வருகிறவர் யாராக இருந்தாலும், முதலில் சில ஆயிரம் வாத்துக்குஞ்சுகளின் பார்வையைத் தாங்கிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

முன்னால் மூன்று ஸ்பீக்கர், முதுகுக்குப் பின்னால் இரண்டு, மூலையில் மாட்டுத்தொட்டி அளவுக்கு ஒரு உறுமல் பெட்டி. நடுவில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி. அதில் தரணீதரன் உட்காருவார். மற்றவர்களுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேர். சரியான ஒலி அந்த ஒரு நாற்காலியில்தான் விழும் என்பதால் விருந்தாளிகளுக்கு அதன் விளக்கம் மட்டும் கிடைக்கும்.

"சத்தத்துக்கும் ஜி.எஸ்.எம். உண்டுங்க" என்று ஆரம்பிப்பார். ஜி.எஸ்.எம். என்பது துணியின் கனத்தை அளக்கிற கணக்கு. திருப்பூரில் அது தெரியாதவர் ஆடு மேய்க்கக்கூட லாயக்கில்லை. "செல்போன்ல பாட்டுக் கேக்கறானுங்க பாருங்க, அது வலைத்துணியாட்ட. ஊதுனா பறந்துரும். ரெண்டு ஸ்பீக்கர்ல கேக்கறது சாதா பனியன். ஆறு சேனல் இருக்குதுங்களே, அதுதானுங்க உருப்படியான துணி. போத்தீட்டுப் படுக்கலாம்."

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒறம்பரை ஒருவர் இப்படி ஒரு முழு மதியத்தைப் பிளாஸ்டிக் சேரில் கழித்துவிட்டுப் போனார். அதன்பிறகு சொந்தபந்தமெல்லாம் பத்திரிகையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். தரம் தெரியாத கூட்டம் தானாகக் கழிந்துகொள்கிறது என்று தரணீதரன் எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி இந்துமதிக்கு மட்டும் தப்பிக்க வழியில்லை. ஒருநாள் காபி கொண்டுவந்தவளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பொறத்தால என்ன கேக்குது, சொல்லு பாக்கலாம்."

"யாரோ சளி புடிச்சு மூக்கை உறிஞ்சறாப்பல இருக்குதுங்க."

"மழை, அம்மிணி. அது மழை."

"அப்புடீங்களா. நனையாத மழைன்னா செரி" என்று அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஊரே செவிடாக இருந்தாலும் தரணீதரன் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் மச்சான் வேல்குமார் செவிடாக இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இந்துமதியின் அண்ணன் அவர். ராயபுரத்தில் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி. சட்டைப்பையில் செல்போனைப் போட்டு, அதிலேயே பழைய பாட்டைக் கரகரவென்று அலறவிட்டுக்கொண்டு நடமாடுகிற மனிதர். அப்பேர்ப்பட்டவரிடம் தரணீதரன் ஜாப் ஒர்க் வாங்கித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். துணி அவர் தருவார், டிசைன் அவர் தருவார், தையல் மட்டும் இவருடையது. விசேஷ வீடுகளில் வேல்குமார் இவருடைய தோளில் கைபோட்டு ஊராருக்கு அறிமுகம் செய்வார்: "நம்ம மாப்ளைங்க. நம்முளுக்குத்தான் தெச்சுக் குடுத்துட்டிருக்காரு." சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கீச்சென்று அதை ஆமோதிக்கும்.

அந்தத் தோள்கையை உதறுவதற்கு ஒரு வழி வந்தது. டென்மார்க்கிலிருந்து ஒரு பையர், சின்னக் கம்பெனிகளுக்கு நேரடியாக ஆர்டர் தரத் தயாராக இருப்பதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: அவர்கள் அனுப்புகிற ஆடிட்டர் வந்து கம்பெனியைப் பார்த்து, தொழிலாளிகளை நல்லபடியாக வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் தரணீதரன் இனி எக்ஸ்போர்ட்டர். சொல்லாவிட்டால் சாகும்வரை மாப்ளை.

மேனேஜர் கலீல் உடனே வேலையில் இறங்கினான். கக்கூசுக்கு வெள்ளையடித்தான். தீயணைப்பானைத் தூசி தட்டினான். மருந்துப் பெட்டியில் மருந்து வைத்தான். தரையில் பச்சை அம்புக்குறி வரைந்தான். "யாராச்சும் கேட்டா, டீ டைம்ல டீ குடுக்கறாங்க, சிரிச்சுப் பேசறாங்கன்னு சொல்லோணும்" என்று எல்லோருக்கும் பாடம் நடத்தினான். திருப்பூரில் ஆடிட்டுக்கு முந்தைய வாரம் எல்லாக் கம்பெனியிலும் நடக்கிற பள்ளிக்கூடம்தான் அது.

தரணீதரனுக்கு இதெல்லாம் சில்லறை வேலையாகப் பட்டது. "பாய், கக்கூசு எல்லாக் கம்பெனியிலயும்தான் இருக்குது. நாம படம் எடுக்கறோம். கம்பெனியப் பத்தி. ஆறு சேனல் சத்தத்துல."

"ஆடிட்டர் படமெல்லாம் பாப்பாங்களாங்?"

"பாப்பாங்க. கேப்பாங்க. அளுவாங்க."

படம் எடுத்தது டவுனில் ஒரு ஸ்டுடியோக்காரர். ஆனால் சத்தத்தை அவரிடம் விட முடியுமா? "சார், டிவிடியில நாங்க ரெண்டு சேனல்தான் போட்டுத் தருவோம். யாருங்க இதையெல்லாம் கேக்கறாங்க?" என்று அந்த ஆள் சொல்லிவிட்டார். தரணீதரன் அந்தக் கடையின் படியை அதன்பிறகு மிதிக்கவில்லை. சொந்தமாக ஒரு ரெக்கார்டர் வாங்கினார். பவர்டேபிளில், அதாவது தையல் மிஷின்கள் வரிசையாக ஓடுகிற அந்தக் கூடத்தில், ஆறு இடத்தில் அதை மாற்றி மாற்றி வைத்துச் சத்தம் பிடித்தார். ஓவர்லாக் மிஷினின் வாயருகே ஒன்று, கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஒன்று. பிடித்த நேரம் முழுக்க யாரும் தும்மக்கூடாது என்று உத்தரவு. பஞ்சுத் தூசி பறக்கிற கூடத்தில் அது லேசான உத்தரவு இல்லை.

அந்த ஆறையும் கம்ப்யூட்டரில் சேர்த்து டிவிடி வட்டில் எழுதினார். வட்டைப் போட்டால் ஆம்ப்ளிஃபையரின் சின்னக் கண்ணாடியில் 'இரண்டு' என்று காட்டியது. ஆறு ஸ்பீக்கருக்கு ஆறு விதமாக வரவேண்டிய சத்தம், இரண்டாகச் சுருங்கிப் போயிருந்தது. ஸ்மாலில் தொடங்கி ஆறு சைஸுக்கும் தனித்தனியாக வெட்டச் சொன்னதை, கட்டிங் மாஸ்டர் மொத்தமாக ஃப்ரீ சைஸில் வெட்டிக் கொடுத்த மாதிரி. குற்றவாளி வட்டு எழுதும் சாஃப்ட்வேர். ஆறு சேனல் என்று மெனுவில் இளித்துக்கொண்டு, கொடுத்ததை வாங்கி, சத்தமில்லாமல் இரண்டாக நசுக்கியிருந்தது. இதை அவருக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர் இணையத்தில் அறிமுகமான ஒரு பின்லாந்துக்காரர். பின்லாந்தில் மனிதர்களுக்கு நிறைய நேரம் இருக்கிறது.

வேறு சாஃப்ட்வேர் பிடித்தார். இப்போது ஆறும் வந்தது. ஆனால் ஊசி துணியில் இறங்கிய பிறகு சாவகாசமாகச் சத்தம் வந்து சேர்ந்தது. அதைச் சரி செய்தால் பாதி எழுதும்போது கரண்டு போனது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம். எப்போது வரும், எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. கரண்டு போன வட்டு குப்பை. அப்படிக் குப்பையானவற்றில் சிலதை இந்துமதி மோர் தம்ளருக்கு மூடியாக்கினாள். மீதியைக் குன்னத்தூர்த் தோட்டத்துக்கு அனுப்பினாள். அங்கே சோளக்காட்டில் கயிற்றில் தொங்கின. கிளிகள் மட்டும்தான் அந்த வட்டுகளின் அருமை தெரிந்து நாலாபக்கமும் பறந்தன.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத கம்பெனியில், மொத்த பவர்டேபிளையும் தூக்கி நிறுத்துகிற பெரிய ஜெனரேட்டரை ஓடவிட்டு, டீசல் புகையில் தெருவே இருமிக்கொண்டிருக்க, தரணீதரன் ஒரே ஒரு வட்டை எழுதினார். மெதுவான வேகத்தில் எழுதினால்தான் சத்தத்துக்கு அழுத்தம் கிடைக்கும் என்பது அவர் சித்தாந்தம். வட்டைப் போட்டார். ஆம்ப்ளிஃபையரில் நீல விளக்கு எரிந்தது. ஆறு.

"இந்து! இங்க வா! லைட்டு எரியுது பாரு!"

இந்துமதி ஓடிவந்து பார்த்தாள். "எரியுதுங்க. கரண்டு வந்துருச்சுங்களா? அப்ப அந்த ஜெனரேட்டர நிறுத்துங்க, தொவைச்ச துணியெல்லாம் கரியாப் போச்சு."

ஆடிட்டர் அம்மா சென்னையிலிருந்து வந்தார். ஒல்லியான உருவம், முதுகில் பை, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். யார் நீட்டிய இளநீரையும் தொடவில்லை. கக்கூசைப் பார்த்தார், தீயணைப்பானைப் பார்த்தார், மருந்துப் பெட்டியைத் திறந்து மருந்து இருப்பதைப் பார்த்து லேசாக ஆச்சரியப்பட்டார். பவர்டேபிள் அமைதியாக, விசாலமாக இருந்தது. காரணம், பாதி ஆட்களைக் கலீல் பின்பக்கத்துச் சாப்பாட்டுக் கொட்டகையில் சத்தம் காட்டாமல் பொட்டாட்டம் உட்கார வைத்திருந்தான். பாதி மிஷின் ஓடவில்லை. ஆடிட் அன்றைக்குக் கூடத்தைக் காலியாகக் காட்டுவதும் இந்த ஊரில் ஒரு மரியாதை.

"ஒண்ணு ரெண்டு சின்ன விஷயம்தான் சார். மத்தபடி நல்லா இருக்கு. நான் கிளம்பறேன்" என்றார் ஆடிட்டர் அம்மா.

கலீல் மூச்சை வெளியே விட்டான். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் தரணீதரன் குறுக்கே வந்து நின்றார்.

"படம் பாக்காமப் போனா எப்புடிங்க?"

"மேடத்துக்கு ஃப்ளைட்டுக்கு நேரமாச்சுங் மொதலாளி" என்றான் கலீல்.

"ஃப்ளைட்டு தெனமும் போகுதுங் பாய்."

வாத்து அறைக்குள் ஆடிட்டர் அம்மா பிளாஸ்டிக் சேரில் உட்கார வைக்கப்பட்டார். தரணீதரன் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, பூசாரி கற்பூரம் ஏற்றுகிற பாவனையில் ரிமோட்டை உயர்த்தினார். முதலில் திரையில் சூரியன் உதித்தது. முதுகுக்குப் பின்னால் சங்கு ஊதியது. ஆடிட்டர் அம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஒரு வாத்துக்குஞ்சு அவரைப் பார்த்தது.

பிறகு பவர்டேபிள் வந்தது. இடப்பக்கம் ஓவர்லாக் சீறியது, வலப்பக்கம் பேட்லாக் மிஷின் கடகடத்தது, முதுகுக்குப் பின்னால் கம்ப்ரஸர் உதைத்தது, உறுமல் பெட்டி உட்கார்ந்த இடத்தையே ஆட்டியது. ஆடிட்டர் அம்மா இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டார். உணர்ச்சிவசப்படுகிறார் என்று தரணீதரன் நினைத்தார். சத்தத்தை இன்னும் ஒரு புள்ளி ஏற்றினார்.

ஆடிட்டர் அம்மா பையைத் திறந்து, டிவி ரிமோட் மாதிரி ஒரு கருவியை எடுத்து நீட்டிப் பார்த்தார். படம் முடிந்ததும் சொன்னார்:

"சார், இதுல தொண்ணூத்திமூணு டெசிபல் காட்டுது. எண்பத்தஞ்சுக்கு மேல போனா காதுக்கு ஆபத்து. ஆனா நான் கீழ அளந்தப்ப எழுபத்தெட்டுதான் இருந்துச்சே?" கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானே பதிலும் சொன்னார். "ஓ, படத்துக்காக ஏத்தி வெச்சிருப்பீங்க. எல்லா விளம்பரப் படத்திலயும் அப்படித்தானே. பரவால்ல."

கருவியைப் பைக்குள் போட்டார். பையின் ஜிப்பை இழுத்தார்.

"ஆமாங் மேடம், ஏத்தி வெச்சதுதானுங்க" என்றான் கலீல், அவசர அவசரமாக. "சும்மா ஒரு எஃபெக்ட்டுக்குங்."

தரணீதரன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் பிறப்பைப் பற்றி யாராவது தப்பாகப் பேசியிருந்தால்கூட முகம் அப்படிச் சிவந்திருக்காது.

"ஏத்தி வெச்சதா? பாய், வாயை மூடுங்க. மேடம், இந்த வட்டுல ஒரு சொட்டு ஏத்தலைங்க. அசல் சத்தமுங்க இது. கீழ என்ன கேக்குதோ அதுதான் மேல கேக்கோணும்னு நான் மாடிப்படி ஏறி எறங்கி வால்யூம் வெச்சிருக்கறேன். ஏத்தி வெக்கறதெல்லாம் சினிமாக்காரன் பண்றதுங்க."

"சரி சார், நம்பறேன். அப்ப கீழ ஏன் கம்மியா இருந்துச்சு?"

கலீல் ஆடிட்டர் அம்மாவுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினான். தலையை ஆட்டினான். உதட்டில் விரலை வைத்தான்.

"பாதி மிஷின் நிறுத்தியிருக்குதுங்க. உங்களுக்காகத்தான்" என்றார் தரணீதரன். "வாங்க, முழுசா ஓட்டிக் காட்டறேன். ஒரே ஒரு புள்ளி மாறுனாலும் இந்த வட்டை நானே ஒடச்சுப் போட்டறேன்."

கொட்டகையிலிருந்து ஆட்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அவ்வளவு நேரம் கூடத்தில் இல்லாமல் இருந்தவர்கள் திடுதிடுவென்று எங்கிருந்தோ முளைத்து வந்ததை ஆடிட்டர் அம்மா சுவரோரம் நின்று கவனித்தார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஓவர்லாக் ஓட்டுகிற அருண்பாண்டி, உட்காரும்போதே பக்கத்து மிஷின்காரரிடம் சொன்னான்: "நம்ம மொதலாளி தன் தலையில மண்ணள்ளிப் போடுறதுன்னாலும் கூலிக்கு ஆள் வெச்சுத்தாண்ணே போடுவாரு."

எல்லா மிஷினும் ஓடியது. கம்ப்ரஸர் ஓடியது. போதாதென்று தரணீதரன் வாசலில் நின்ற டெம்போவையும் உறுமவிடச் சொன்னார். படம் எடுத்த அன்றைக்கு அதுவும் உறுமிக்கொண்டிருந்ததாம். நேர்மை என்றால் முழு நேர்மை. ஆடிட்டர் அம்மா கருவியை நீட்டினார். தொண்ணூத்திரெண்டு.

"பாத்தீங்களா!" தரணீதரன் கூடத்தின் நடுவில் குதிக்காத குறை. "ஒண்ணுதான் வித்தியாசம்! அது மேல ரூம்ல ஓடற ஏசிங்க!"

ஆடிட்டர் அம்மா சிரிக்கவில்லை. உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். கம்ப்ரஸரைத் தனி அறையில் அடைக்க வேண்டும். எல்லோருக்கும் காதடைப்பான் தர வேண்டும். அது பெரிய விஷயமில்லை. ஆனால் இந்தச் சத்தத்தில் இவ்வளவு நாளாக ஆட்கள் இருந்திருக்கிறார்கள்; கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் வெளியாட்களை வைத்துக் காது சோதனை செய்ய வேண்டும். "எல்லார் காதும் நல்லா இருந்தா, ஆர்டர் வரும் சார். ஒருத்தர் காது பழுதாகியிருந்தாலும் இந்த வருஷம் கிடையாது. பையர் அதுல ரொம்பக் கறார்." பிறகு கேட்டார்: "நீங்க கூடத்துல இருப்பீங்களா?"

"நானுங்களா? பொழுதுக்கும் அங்கதானுங்க. மிஷின் சத்தத்த வெச்சே எந்த ஊசி மொன்னையாயிருச்சுன்னு சொல்லீருவேன்." உண்மையில் பொழுதுக்கும் அவர் இருந்தது வாத்துகளோடுதான்.

"அப்ப உங்களுக்கும் சோதனை உண்டு."

"தாராளமாங்க. என்ற காதுக்கு சோதனையா, அந்த மிஷினுக்கு சோதனையான்னு பாத்துருவோம்."

செய்தி ராயபுரத்துக்குப் போய்ச் சேர நேரம் ஆகவில்லை. வேல்குமார் போன் செய்தார்.

"என்ன மாப்ள, காதுக்கெல்லாம் பரீட்சை வெக்கறாங்களாமே?"

"தரமான பையருன்னா அப்புடித்தானுங்க மச்சான்."

"எவனாச்சும் செவுடன் இருந்தா முன்கூட்டியே லீவு குடுத்து ஊருக்குத் தாட்டியுட்டுருங்க. அப்பறம் அவனால உங்க பொழப்புப் போயிரும், பாத்துக்குங்க."

"என்ற கம்பெனியில செவுடனுக்கு வேலை இல்லீங்க" என்று சொல்லித் தரணீதரன் போனை வைத்தார். ஆனாலும் மனசுக்குள் ஒரு கவலை புகுந்துவிட்டது. ராமாத்தாள், தைத்ததைச் சரிபார்க்கிற செக்கிங்கில் இருக்கிறாள், வயசான பொம்பளை. கம்ப்ரஸருக்குப் பக்கத்திலேயே நிற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இவர்களுடைய காதில் தன்னுடைய டென்மார்க் தொங்குகிறதே என்று நினைத்தபோது அவருக்கு அருவருப்பாக இருந்தது. செல்போனில் பாட்டுக் கேட்கிற காதுகள்.

அந்தக் கவலையைக் கலீல் தீர்த்து வைத்தான். சோதனை எப்படி நடக்கும் என்று விசாரித்து வந்தான். ஹெட்ஃபோனை மாட்டுவார்கள். கையில் ஒரு பொத்தான். காதில் சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். ஒவ்வொரு தடவை சத்தம் போடும்போதும் மிஷினில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும். சோதனைக்கு உட்காருகிறவருக்கு அது தெரியாது.

"நான் அந்தப் பொண்ணுக்குப் பின்னால நின்னுக்கறனுங். லைட்டு எரிஞ்சா புருவத்தத் தூக்குவேன். நீங்க என்ற மூஞ்சியப் பாத்து அமுக்குனாப் போதும்" என்று கலீல் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தான். ஒத்திகையும் நடந்தது.

"உங்க மூஞ்சிய எவ்வளவு நேரமுங் பாய் பாக்கறது?" என்றாள் ராமாத்தாள். "எனக்குப் பக்கத்தூட்டுக்காரி குசுகுசுன்னு பேசறதே கேக்குது. அமைதியாயிருங் சாமி."

சோதனைக்கு வந்தவள் தேஜஸ்ரீ என்ற பெண். சத்தமில்லாத அறை ஒன்று வேண்டும் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே தரணீதரன் இத்தனை வருஷம் காத்திருந்த மாதிரி அவளை மாடிக்கு அழைத்துப் போனார். அவள் வாத்துகளைப் பார்த்தாள். "குழந்தைங்க ரூமுங்களா சார்?" என்றாள்.

ஒவ்வொருவராக வந்து அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். அருண்பாண்டிக்கு நன்றாகக் கேட்டது. கம்ப்ரஸர் பக்கத்து ஆட்களுக்குக் கேட்டது. அவர்கள் ரகசியமாகக் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற பழக்கம் தரணீதரனுக்குத் தெரியாது. ராமாத்தாள், சத்தம் வந்தபோதெல்லாம் அமுக்கியதோடு கீழே யாரோ பைக் நிறுத்துவதாகவும் சொன்னாள், உண்மையாகவே நிறுத்தியிருந்தார்கள். கலீலின் புருவம் அநாவசியமாக ஏறி இறங்கிக் களைத்தது. பவர்டேபிளில் ஒரு காதுகூடப் பழுதில்லை.

தரணீதரன் கடைசியாக வந்தார். வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆர்டர் வந்தாயிற்று, இனி இது ஒரு சடங்குதான் என்கிற நடை. கலீலிடம் கேமராவைக் கொடுத்து, "புடிங் பாய், அடுத்த வட்டுல சேத்தீரலாம்" என்றார். நாற்காலியில் சாய்ந்து, ஹெட்ஃபோனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பிராண்டுங் கண்ணு இது? பஞ்சு தேஞ்சு கெடக்குது. இதுல என்னத்தக் கேக்கறது? என்ற ஆம்ப்ளிஃபையர்ல மாட்டிக்கலாமா?"

"இல்லீங்க சார், இதேதானுங்க மாட்டோணும்."

"செரி, போடுங்க. எனக்குக் கொஞ்சம் மெல்லிசாவே போடுங்க. மத்தவங்களுக்குப் போட்ட மாதிரி போட்டா எனக்கு எரைச்சலா இருக்கும்."

கலீல் கேமராவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வழக்கமான இடத்தில் நின்று, பழக்க தோஷத்தில் புருவத்தைத் தூக்கினான். தரணீதரன் அவனை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். தனக்கே சிக்னலா? முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டார். சங்கீத வித்வான் ஆலாபனைக்கு உட்காருகிற மாதிரியான முகம்.

கட்டையான சத்தம் ஒன்று வந்தது. அமுக்கினார். இன்னொன்று வந்தது. அமுக்கினார். மூன்றாவது கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தது. அதையும் பிடித்து அமுக்கி, இலேசாகப் புன்னகை செய்தார். பிறகு எதுவும் வரவில்லை. பொறுத்துப் பார்த்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேலையில் இப்படித்தான், நடுவில் செல்போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். கண்ணைத் திறந்தார். தேஜஸ்ரீ மிஷினையே பார்த்துக்கொண்டு ஏதோ திருகிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கலீலின் இரண்டு புருவமும் நெற்றியின் உச்சிக்கும் கண்ணுக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தன. கேமராவை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு கையால் தன் காதைப் பிடித்து இழுத்தான். இன்னொரு கையின் கட்டைவிரலால் காற்றில் எதையோ குத்திக் குத்திக் காட்டினான்.

"என்னங் பாய், மூஞ்சியில கட்டெறும்பு கடிக்குதா? பொட்டாட்டம் நில்லுங்க. இந்தப் புள்ள மிஷினு ரிப்பேராயிருச்சாட்ட இருக்குது."

கலீல் கையைக் கீழே போட்டான்.

தரணீதரன் பெருந்தன்மையோடு மறுபடியும் கண்ணை மூடிக் காத்திருந்தார். அறை அவர் விரும்புகிற விதமாக, சுத்தமான நிசப்தத்தில் இருந்தது. ஃப்ளீஸ் எவ்வளவு அருமையாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

தேஜஸ்ரீ எழுந்து வந்து அவர் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"முடிஞ்சுதுங்க சார்."

"அதெப்புடிங் கண்ணு? கட்டைச் சத்தம் மட்டும்தான போட்டீங்க. மெல்லிசுச் சத்தமெல்லாம் எப்பப் போடுவீங்க?"

மெல்லிசுச் சத்தங்களை அவள் இரண்டு காதுக்கும் இரண்டு தடவை போட்டு முடித்திருந்தாள்.